உஷார்! ஹெல்மெட்டோடு ஒட்டாத காகிள்ஸ் கண்ணைக் கட்டிவிடும்

சட்டை நிறத்துக்குப் பொருந்துகிறது என்று காகிள்ஸ் வாங்காதீர்கள். தள்ளுபடியில் கிடைக்கிறது என்றும் வாங்காதீர்கள். போன குளிர்காலத்தில் பனிச்சறுக்குக்கு வாங்கியது அலமாரியில் சும்மாதானே கிடக்கிறது என்று அதைப் பையில் போட்டுக்கொண்டு மலைக்குக் கிளம்பாதீர்கள். மவுண்டன் பைக்கில் சரிவிறங்குகிறவர்கள், அதிலும் தாடையையும் சேர்த்து மூடுகிற ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட் போடுகிறவர்கள், இந்த மூன்றையும்தான் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். ஹெல்மெட்டுக்கு மட்டும் நாள்கணக்கில் யோசிப்பார்கள். நாடா வைத்துத் தலையை அளப்பார்கள், தரச் சான்றைப் படிப்பார்கள், நாலு பேரிடம் கேட்பார்கள். காகிள்ஸ் அவர்களுக்குக் கடைசி நிமிடச் சாமான்.

ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிவிட்டால் காகிள்ஸ் தனிப் பொருள் இல்லை, அந்த ஹெல்மெட்டின் ஓர் உறுப்பு. ஹெல்மெட்டின் முன் திறப்புக்குள் சரியாக உட்காராத காகிள்ஸ் மூக்கை அடைக்கும், பக்கப் பார்வையை வெட்டும், ஹெல்மெட்டையே இடம்பெயர வைக்கும். எல்லாவற்றையும்விட மோசம், நடுச்சரிவில் ஆவி படிந்து கண்ணைக் கட்டிவிடும். விலை உயர்ந்த காகிள்ஸும் இதைச் செய்யும். அதனால்தான் இவ்வளவு பதற்றத்தோடு எழுதுகிறேன்.

ஒரு கணக்குப் பாருங்கள். ஸ்காட்லாந்தில் ஃபோர்ட் வில்லியம் ஊருக்குப் பக்கத்து மலையில் இருக்கும் டவுன்ஹில் தடம் சுமார் 2.8 கி.மீ. நீளம், 555 மீட்டர் இறக்கம். 2002 முதல் உலகக் கோப்பைப் பந்தயங்கள் பல நடந்த இடம். 2007இலும் 2023இலும் உலக சாம்பியன்ஷிப்பும் அங்கே நடந்தது. முன்னணி ஆண் வீரர்கள் அதை நாலரை நிமிடத்தை ஒட்டி இறங்கிவிடுகிறார்கள். பாறைக் குவியல், சேறு, காட்டுக்குள் வேர்கள் என்று அத்தனையும் சேர்த்து சராசரியே மணிக்கு 37 கி.மீ. வருகிறது. நமக்கு அந்த வேகமெல்லாம் வேண்டாம். அதில் பாதி வேகத்தில் போகும்போது லென்ஸ் இரண்டே நொடி மங்கினாலும் பத்து மீட்டரைக் கண் தெரியாமல் கடந்திருப்பீர்கள். அந்தப் பத்து மீட்டருக்குள் ஒரு திருப்பம் வரலாம், ஒரு மரம் வரலாம், முன்னால் விழுந்து கிடக்கும் இன்னொருவரும் இருக்கலாம்.

ஃபுல் ஃபேஸில் ஏன் இவ்வளவு சீக்கிரம் ஆவி படிகிறது? சாதாரண சைக்கிள் ஹெல்மெட்டில் விடுகிற மூச்சு நேராக வெளியே போய்விடும். இங்கே வாய்க்கு முன்னால் தாடைக் காப்பு நிற்கிறது. உடம்புச் சூட்டோடும் ஈரத்தோடும் வரும் மூச்சு அதில் மோதி மேலே திரும்புகிறது. மேலே இருப்பது காற்றுப்பட்டுக் குளிர்ந்த லென்ஸ். ஈரக்காற்று குளிர்ந்த பரப்பைத் தொட்டால் நீர்த்துளியாகப் படியத்தான் செய்யும். வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்வரை காற்றோட்டம் அதை ஓரளவு துடைத்துக்கொண்டே இருக்கும். நிற்கிற இடம்தான் கண்ணி. ஏறுமுகத்தில் மிதித்து மூச்சு வாங்கியபடி தடத்தின் தலைப்பில் வந்து நிற்பீர்கள். முகம் கொதிக்கும், லென்ஸ் குளிர்ந்திருக்கும். அரை நிமிடத்தில் வெள்ளைத் திரை விழும். “வேகம் எடுத்தால் சரியாகிவிடும்” என்று அந்தத் திரையோடு இறங்க ஆரம்பிப்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நிற்கும்போது காகிள்ஸை முகத்திலிருந்து முன்னால் இழுத்து, ஹெல்மெட்டின் முன்பக்க வைசருக்கு அடியிலோ பின்னந்தலைக்கோ நகர்த்திவிட வேண்டும். கிளம்புவதற்குச் சற்று முன்புதான் திரும்ப மாட்ட வேண்டும்.

சரி, தொல்லையே வேண்டாம், காகிள்ஸ் இல்லாமலே போய்விடலாமா? சிலர் அப்படியும் செய்கிறார்கள். வெறும் கண்ணுக்கு வரும் தொல்லைகள் பல: முன்னால் போகிறவரின் பின்சக்கரம் கிளப்பும் பொடிக்கல், காற்றில் கண்ணில் கோக்கும் நீர், தடத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் குச்சி. இவற்றில் நான் மிகவும் அஞ்சுவது குச்சியைத்தான். கருவிழியில் இலையோ குச்சியோ கீறினால் அது வெறும் கீறலாக நிற்காமல் போகலாம். தாவரப் பொருளோடு பூஞ்சை உள்ளே போனால் கருவிழியில் புண் வரும். ஆற நாளாகும், பார்வையைப் பறித்துக்கொண்டும் போகும். வெப்ப நாடுகளில் இது சாதாரணமாகப் பார்க்கிற நோய். தமிழ்நாட்டில் வயலில் வேலை செய்கிறவர்களுக்கு நெல் தாளும் மாட்டு வாலும் பட்டு வருவது இதுவேதான். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, சான்பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நடத்தி 2013இல் வெளியான சிகிச்சை ஆய்வு, இதற்கு நாட்டமைசின் சொட்டு மருந்து வோரிகொனசோல் என்ற இன்னொரு பூஞ்சை மருந்தைவிட நன்றாக வேலை செய்கிறது என்று காட்டியது. நம்மூர்க் காட்டுப் பாதைகளிலோ மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ ஓட்டுகிறவர்கள் இதை மனத்தில் வையுங்கள்: கண்ணில் குச்சி பட்டால் தாய்ப்பால் விடாதீர்கள், விளக்கெண்ணெய் விடாதீர்கள், மருந்துக்கடையில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு வாங்கி ஊற்றாதீர்கள். பூஞ்சைப் புண்ணில் ஸ்டீராய்டு விட்டால் புண் பெருகும். அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள்.

ஆக, காகிள்ஸ் வேண்டும். எது கூடாது என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

கூலிங் கிளாஸ் கூடாது. ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட்டின் கன்னப் பஞ்சு முகத்தை இறுக்கிப் பிடிக்கத்தான் வைக்கப்பட்டிருக்கிறது. அதற்குள் கண்ணாடியின் காதுக்கம்பிகளைச் செருகினால் பொட்டிலும் காதின் மேலும் அழுத்தும். விழும்போது ஹெல்மெட் தலையில் கொஞ்சம் சுழன்றால் அந்தக் கம்பி எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. பட்டறையில் வெல்டிங், கிரைண்டிங்குக்கு வைத்திருக்கும் பிளாஸ்டிக் காப்புக் கண்ணாடியும் ஆகாது. அதன் வார் மெல்லியது, ஹெல்மெட்டின் வழவழப்பான முதுகில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போகும். முகத்தோடு ஒட்ட ஃபோமும் இருக்காது.

பனிச்சறுக்குக் காகிள்ஸ்தான் ஆளை நன்றாக ஏமாற்றும். பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும், பல நேரம் விலையும் அதிகம். ஆனால் அது குளிரில் கண்ணைச் சூடாக வைக்கச் செய்யப்பட்டது. காற்றோட்டத் துளைகள் குறைவு. ஃபோமும் கதகதப்புக்காகவே, கோடையில் வடியும் வியர்வையை உறிஞ்சி ஊறி, பிறகு கண்ணுக்குள்ளேயே இறக்கிவிடும். லென்ஸின் நிறமோ வெள்ளைப் பனியின் கூச்சத்தைச் சமாளிக்கக் கருப்படித்தது; காட்டுக்குள் நுழைந்ததும் அந்தி மாதிரி ஆகிவிடும். சட்டகத்தின் வடிவமும் வேறு. பனிச்சறுக்கு ஹெல்மெட்டில் தாடைக் காப்பு பெரும்பாலும் கிடையாது, அதனால் கீழ்ப்பக்கம் தாராளமாக அகன்றிருக்கும். ஃபுல் ஃபேஸின் திறப்புக்குள் அதைத் திணித்தால் கீழ்விளிம்பு கன்னப் பஞ்சில் இடித்து மேலே எழும்பும், மூக்கருகே இடைவெளி விழும். பனிச்சறுக்குக் காகிள்ஸுக்கு ஐரோப்பாவில் தனித் தரமே இருக்கிறது, ஐ.எஸ்.ஓ. 18527 என்ற எண்ணில். மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களின் காகிள்ஸுக்கு ஈ.என். 1938. வேலையே வேறு என்பதால்தான் தரமும் வேறு.

மண் தடத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் மோட்டோகிராஸுக்கான காகிள்ஸ் நம் வேலைக்கு மிகவும் நெருங்கியது. சக்கரம் வாரியடிக்கும் கல்லையும் சேற்றையும் தாங்கச் செய்தது, வார் அகலமானது, வாரின் உட்புறத்தில் ஹெல்மெட்டைப் பற்றிக்கொள்ள சிலிக்கோன் கோடுகள் இருக்கும். ஆனால் இங்கும் ஒரு பொறி. மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டின் திறப்பு அகலம். மவுண்டன் பைக் ஹெல்மெட்டுகளில் பலவற்றின் திறப்பு அதைவிடக் குறுகல். மோட்டோகிராஸ் காகிள்ஸின் இரு ஓரத்திலும் வாரைத் தள்ளிப் பிடிக்கிற கைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவை ஹெல்மெட்டின் ஓரத்தில் முட்டிவிட்டால் ஃபோம் முகத்தில் படியவே படியாது. மூக்குக்கு முன்னால் தொங்கும் பிளாஸ்டிக் காப்பும் தாடைக் காப்போடு இடிக்கலாம். அது கழற்றக்கூடியதாக இருந்தால் கழற்றிவிடலாம்; கழற்றிய பிறகாவது பொருந்துகிறதா என்று பாருங்கள்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். உங்கள் ஹெல்மெட்டைக் கையோடு கடைக்கு எடுத்துக்கொண்டு போங்கள். நண்பரின் ஹெல்மெட்டும் உதவாது, கடையில் மாட்டியிருக்கும் அதே மாடலும் உதவாது. உங்கள் தலை, உங்கள் மூக்கு, உங்கள் கன்னப் பஞ்சின் தடிமன், இந்த மூன்றும் சேர்ந்ததுதான் அளவு. முதலில் ஹெல்மெட்டைப் போட்டு நாடியின் கீழ் வாரைப் பூட்டுங்கள். பிறகுதான் காகிள்ஸ். சட்டகத்தின் மேல்விளிம்புக்கும் ஹெல்மெட்டின் நெற்றி ஓரத்துக்கும் நடுவே சிறு இடம் இருக்கலாம், அல்லது இரண்டும் இலேசாகத் தொட்டுக்கொள்ளலாம். நெற்றி பெரிதாகத் திறந்துகிடந்தால் வெயிலும் குச்சியும் அங்கே நுழையும். அதற்கு நேர்மாறானது இன்னும் ஆபத்து: ஹெல்மெட் காகிள்ஸின் தலைமேல் உட்கார்ந்திருப்பது. கடையில் நிற்கும்போது ஒன்றும் தெரியாது. தடத்தில் ஒரு மேட்டிலிருந்து குதித்து இறங்குகிற அதிர்ச்சியில் ஹெல்மெட் ஒரு விரற்கடை கீழே இறங்கும், அது காகிள்ஸைத் தள்ளும், காகிள்ஸ் மூக்கின் இரு துவாரங்களையும் கிள்ளிப் பிடிக்கும். அந்த நிமிடத்திலிருந்து வாய்மூச்சுதான், அதனால் ஆவி இன்னும் கூடும். இதைக் கடையிலேயே சோதிக்கலாம். வைசர் பக்கமாக ஹெல்மெட்டைக் கையால் கீழே அழுத்துங்கள், தாடைக் காப்பைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். காகிள்ஸ் மூக்கில் இறங்கினால் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள்.

அடுத்தது மூச்சு. வாயை மூடி மூக்கால் நாலைந்து முறை வேகமாக மூச்சு விடுங்கள். பிறகு நின்ற இடத்திலேயே குதித்தோடி மூச்சிரைக்க வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் பார்ப்பார், பார்க்கட்டும். ஃபோம் கன்னத்தில் முழுச் சுற்றும் படிந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். மூக்கின் இரு பக்கமும்தான் இடைவெளி விழுகிற இடம். தாழ்ந்த மூக்குத் தண்டு உள்ளவர்களுக்கென்று தடித்த ஃபோம் வைத்த மாடல்களும் வருகின்றன.

பக்கப் பார்வையையும் சோதியுங்கள். ஐரோப்பிய சைக்கிள் ஹெல்மெட் தரமான ஈ.என். 1078 நேர்நோக்கிலிருந்து இடமும் வலமும் 105 பாகை பார்வை மறையாமல் இருக்க வேண்டும் என்கிறது. ஹெல்மெட்காரர் அதைக் காப்பாற்றிக் கொடுத்திருப்பார். தடித்த சட்டகமுள்ள காகிள்ஸைப் போட்டு நாமே அதை வெட்டிக்கொள்வோம். நேராகப் பார்த்தபடி இரு கைகளையும் காதுக்கு நேராக நீட்டி விரலை ஆட்டுங்கள். ஹெல்மெட்டோடு மட்டும் தெரிந்த விரல் காகிள்ஸ் போட்டபின் காணாமல் போனால் அந்தச் சட்டகம் உங்களுக்குச் சிறியது. தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, கண்ணை மட்டும் உயர்த்தியும் பாருங்கள். செங்குத்தான இறக்கத்தில் உடம்பு நிற்கும் நிலை அதுதான். மேல்விளிம்பு தடத்தை மறைத்தால் அங்கே உங்களுக்கு வழியே தெரியாது.

வாரை எங்கே போடுவது என்பதில் மன்னிக்க முடியாத ஒரு தவறு நடக்கிறது. முதலில் காகிள்ஸை மாட்டி, அதன்மேல் ஹெல்மெட்டைக் கவிழ்க்கிறார்கள். வார் உள்ளே, ஹெல்மெட் வெளியே. அப்படிப் போடவே போடாதீர்கள். வாரில் அளவைக் கூட்டிக் குறைக்கும் பிளாஸ்டிக் கொக்கி இருக்கிறது. விழும் அடியில் ஹெல்மெட் தலையை அழுத்தும்போது அது மண்டைக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே இருக்கும். ஹெல்மெட்டின் பொருத்தமும் மாறிவிடும். ஸ்வீடனில் உருவான மிப்ஸ் அமைப்புள்ள ஹெல்மெட்டுகளில் இன்னொரு கோளாறும் சேரும். மிப்ஸ் என்பது உள்ளே வழுக்கி நகர்கிற மெல்லிய அடுக்கு. சாய்வாக அடிபடும்போது 10 முதல் 15 மி.மீ. வரை நகர்ந்து மூளைக்குப் போகும் சுழற்சியைக் குறைக்கத்தான் அதை வைத்திருக்கிறார்கள். நடுவில் ரப்பர் பூசிய வாரைக் கொடுத்தால் அந்த நகர்வு கெடும்.

மீட்புக்கு வருகிறவர்களை நினைத்தும் வாரை வெளியே போடுங்கள். விழுந்தவர் அசையாமல் கிடந்தால் கழுத்து அசையக்கூடாது. ஹெல்மெட்டைச் சட்டென்று யாரும் இழுத்துக் கழற்றக்கூடாது. ஆனால் கண்மணி விரிந்திருக்கிறதா, நினைவிருக்கிறதா, மூச்சு வருகிறதா என்று பார்த்தாக வேண்டும். வார் வெளியே இருந்தால் அதை அவிழ்த்தோ கத்தரித்தோ ஒரு நொடியில் காகிள்ஸை எடுத்துவிட்டு முகத்தைப் பார்க்கலாம், ஹெல்மெட்டைத் தொடவே வேண்டாம். வார் உள்ளே மாட்டியிருந்தால் அவர்களுக்கு அந்த வழி இல்லாமல் போகிறது. இது ஒன்றுக்காகவாவது, உங்களோடு ஓட்டுகிறவர்கள் வாரை உள்ளே விட்டிருந்தால் கூச்சப்படாமல் சொல்லித் திருத்துங்கள்.

லென்ஸின் நிறம். கடையின் வெளிச்சத்தில் கண்ணாடி போல மின்னும் நீலமும் செம்பும் மனத்தைக் கவரும். ஆனால் தடத்தில் வெளிச்சம் மாறிக்கொண்டே இருக்கும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் விஸ்லர் மலையின் உச்சியில் சுமார் 2,180 மீட்டரில் தொடங்கும் ‘டாப் ஆஃப் தி வேர்ல்ட்’ தடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உச்சியில் மரமே இல்லை, பாறையிலும் மிச்சப் பனியிலும் வெயில் தெறிக்கும். அங்கிருந்து சுமார் 1,500 மீட்டர் கீழே இருக்கும் கிராமத்துக்கு இறங்குகிறவர்கள் வழியில் அடர்ந்த ஊசியிலைக் காட்டுக்குள் நுழைகிறார்கள். பிரான்சின் ஆல்ப் தூஸில் ஜூலை மாதம் நடக்கும் மெகாவலான்ஷ் பந்தயத்தில் இந்த வெளிச்ச மாற்றம் உச்சத்துக்குப் போகும். 1995 முதல் நடக்கும் அந்தக் கூட்டப் பந்தயம் 3,300 மீட்டர் உயரத்தில் பனியின்மேல் ஆரம்பித்து, எழுநூற்றுச் சொச்சம் மீட்டர் உயரத்தில் இருக்கும் அல்லமோனில் முடிகிறது. பனிக்குச் சரியான லென்ஸ் காட்டுக்குள் காலை வாரும்.

லென்ஸ்களை 0 முதல் 4 வரை பிரித்திருக்கிறார்கள். 0 என்றால் ஒளியில் 80 சதவீதத்துக்கு மேல் உள்ளே வரும்; கிட்டத்தட்ட நிறமற்றது. 1 என்றால் 43 முதல் 80 வரை. 2 என்றால் 18 முதல் 43 வரை. 3 என்றால் 8 முதல் 18 வரைதான். 4இல் 3 முதல் 8 வரை. அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டவே கூடாது. மரங்கள் ஏற்கெனவே வெளிச்சத்தில் பெரும்பங்கைத் தின்றுவிட்ட இடத்தில் 3ஆம் வகை லென்ஸ் போட்டிருந்தால் மிச்சத்தில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான் கண்ணுக்குக் கிடைக்கிறது. இருட்டுக்குப் பழகக் கண்ணுக்கு ஐந்து பத்து நிமிடமாவது வேண்டும். சைக்கிளோ இரண்டு நொடியில் காட்டுக்குள் நுழைந்துவிடும். வேரும் நிழலும் ஒன்றாகத் தெரியும். என் கருத்தில் ஒரே லென்ஸ்தான் வாங்க முடியும் என்றால் நிறமற்றதை வாங்குங்கள். வெயிலில் கண் கூசினால் வேகத்தைக் குறைத்துச் சமாளித்துவிடலாம். நிழலில் ஒன்றும் தெரியாமல் போனால் சமாளிக்க எதுவும் இல்லை. இரண்டாவதாக ஒன்று வாங்க முடிந்தால் 1, 2 வகைகளுக்குள் ரோஜா நிறமோ இளஞ்செம்போ எடுக்கலாம்.

வெயிலுக்குத் தானே கருத்து நிழலில் தானே வெளுக்கும் ஃபோட்டோகுரோமிக் லென்ஸை எல்லாவற்றுக்கும் மருந்து போல விற்கிறார்கள். கருப்பது வேகம், வெளுப்பது நிதானம். குளிரில் இன்னும் அதிகமாகக் கருத்து இன்னும் மெதுவாக வெளுக்கும். பனி உச்சியிலிருந்து காட்டுக்குள் இறங்குகிறவருக்கு இதைவிடப் பொருந்தாத குணம் இருக்க முடியாது. ஒளி மெல்ல மாறுகிற மாலை நேரத்துக்கு அது நல்லது, அவ்வளவுதான். போலரைஸ்டு லென்ஸும் யோசித்து வாங்க வேண்டியது. நீர்ப்பரப்பின் பளபளப்பை அது அழித்துவிடும். ஈரமான பாறை வழுக்கும் என்று முன்கூட்டிச் சொல்வது அந்தப் பளபளப்புதான்.

கருப்பான லென்ஸ் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்று நம்பிவிடாதீர்கள். நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நிறமற்ற பாலிகார்பனேட் புற ஊதாவை இயல்பாகவே நன்றாகத் தடுக்கும். தடுப்பில்லாத மலிவு கருப்பு லென்ஸோ கண்மணியை விரியவைத்து அதற்குள் கதிரை விட்டுவிடும். இங்கேதான் போலிகளின் ஆபத்தும் வருகிறது. பெயர்பெற்ற காகிள்ஸ் நிறுவனங்களின் பெயரை அச்சடித்த போலிகள் கால் விலைக்குச் சந்தையில் கிடைக்கின்றன. வார், சின்னம், பெட்டி எல்லாம் அச்சு அசலாக இருக்கும். லென்ஸ் என்ன பிளாஸ்டிக் என்பது மட்டும் தெரியாது. பாலிகார்பனேட் அடிபட்டால் வளையும், நசுங்கும். அக்ரிலிக் உடைந்து கூரான சில்லாகும். அதுவும் கண்ணுக்கு இரண்டு விரற்கடை தூரத்தில். ‘யூ.வி. 400’ என்ற ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். சந்தேகம் இருந்தால் மூக்குக்கண்ணாடிக் கடைக்குக் கொண்டுபோங்கள். பல கடைகளில் புற ஊதாவை அளக்கும் சிறு கருவி உண்டு, சில நொடி வேலை. சட்டகத்திலோ உள்ளே இருக்கும் தாளிலோ தர எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஈ.என். 1938 இருந்தால் நல்லது. ஈ.என். 166 என்று இருந்தால் பக்கத்தில் இருக்கும் எழுத்தையும் பாருங்கள்: எஃப் என்றால் 6 மி.மீ. எஃகுக் குண்டு நொடிக்கு 45 மீட்டர் வேகத்தில் மோதுவதைத் தாங்கியது, பி என்றால் 120 மீட்டர். கூலிங் கிளாஸ்களுக்கான ஐ.எஸ்.ஓ. 12312 எண்ணை மட்டும் போட்டு ‘மவுண்டன் பைக்குக்கு’ என்று விற்றால் ஏன் என்று கேளுங்கள்.

லென்ஸ் ஒற்றை அடுக்கா, இரட்டை அடுக்கா? இரட்டையில் நடுவே அடைபட்ட காற்று உள் அடுக்கைக் குளிராமல் காப்பதால் ஆவி குறையும். மூச்சிரைக்க மிதித்து ஏறி இறங்குகிறவர்களுக்கு அது நல்ல தேர்வு. ஆனால் ஓரத்து ஒட்டு விட்டுப்போய் இரண்டு அடுக்குக்கும் நடுவே நீர் புகுந்தால் அந்த லென்ஸோடு போராடாதீர்கள், மாற்றிவிடுங்கள். காந்தத்தால் ஒட்டும் லென்ஸ் மாற்றுவதற்குச் சுகம். காந்தத்தை மட்டும் நம்பியது வேண்டாம், விழும்போது கழன்றுகொள்ளாமல் பிடிக்கும் தாழ்ப்பாளும் இருக்க வேண்டும்.

மூக்குக்கண்ணாடி போடுகிறவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. அதன்மேல் காகிள்ஸ் மாட்டுவதானால் ஓ.டி.ஜி. என்று விற்கப்படுவதைத்தான் வாங்க வேண்டும். அதில் உள்ளிடம் ஆழமாகவும், காதுக்கம்பி போக ஃபோமில் வெட்டும் இருக்கும். சாதாரணக் காகிள்ஸை அதன்மேல் அழுத்தினால் உள்லென்ஸ் கண்ணாடியில் உரசிக் கீறும், விழுந்தால் கண்ணாடி விழியில் அழுந்தும். உங்கள் மூக்குக்கண்ணாடி உண்மையான கண்ணாடியால் ஆனது என்றால் அதோடு இறங்கவே இறங்காதீர்கள். பாலிகார்பனேட்டில் ஒன்று செய்துகொள்ளுங்கள். காகிள்ஸுக்குள் பொருத்தும் பவர் சட்டமும் கிடைக்கிறது. கான்டாக்ட் லென்ஸ் பார்வைக்கு வசதிதான். சேற்றுநீர் தெறித்து உள்ளே போனால் மட்டும் லென்ஸைக் கழற்றிவிடுங்கள், அதோடு நாள் முழுக்க ஓட்டாதீர்கள். மண்ணிலும் நீரிலும் வாழும் அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் லென்ஸுக்கு அடியில் தங்கினால் கருவிழியைத் தாக்கும், வைத்தியமும் நீண்டது.

வாங்கிய நல்ல பொருளைக் கையாலேயே கெடுப்பதும் நடக்கிறது. லென்ஸின் உட்புறத்தில் ஆவி தடுக்கும் பூச்சு இருக்கிறது. அது ஈரத்தை உறிஞ்சிப் பரப்பிவிடும் பூச்சு, நனைந்திருக்கும்போது மென்மையாகிவிடும். அந்த நேரத்தில் கையுறையால் தேய்த்தால் பூச்சு உரிந்து போகும், பிறகு எந்தக் கடையிலும் அதைத் திரும்பப் பெற முடியாது. உள்ளே நனைந்தால் உதறுங்கள், காற்றில் உலர விடுங்கள், அவசரமென்றால் மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். பிரேக் கிளீனர், பெட்ரோல், அசிட்டோன், அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் எதுவும் பாலிகார்பனேட்டின் பக்கம் வரக்கூடாது. கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விழுந்து அடுத்த அடியில் பிளக்கும். கொசு விரட்டியிலும் உஷார். டீட் என்ற வேதிப்பொருள் கலந்த கொசு விரட்டி பிளாஸ்டிக்கைக் கரைக்கும். கைக்கடிகார மூடியையும் கண்ணாடிச் சட்டத்தையும் கெடுக்கும் என்று அந்தப் பாட்டிலிலேயே எழுதியிருப்பார்கள். கொசு மொய்க்கும் காட்டுத் தடங்களில் அதைக் கையில் பூசிக்கொண்டு அதே விரலால் காகிள்ஸைத் தொடுகிறோம், ஹெல்மெட்டையும் தொடுகிறோம். பூசிய பிறகு கையைக் கழுவிவிட்டுத் தொடுங்கள். காரின் முன்கண்ணாடிக்கு அடியில் வெயிலில் போட்டுவைப்பதும் வேண்டாம், ஃபோமை ஒட்டிய பசை விட்டுவிடும்.

மழையில் ஓட்டுகிறவர்கள் லென்ஸின்மேல் கிழித்தெறியும் மெல்லிய தாள்களை அடுக்கிக்கொள்கிறார்கள். தாள் கூடக் கூட வெளிச்சம் குறையும், இடையில் நீர் புகுந்தால் உருவமே இரட்டையாகத் தெரியும். கிழித்த பிளாஸ்டிக்கும் காட்டில்தான் விழும். சுருளை இழுத்து நகர்த்தும் அமைப்பு அதைவிட மேல். ஆனால் அதன் இரு பக்கத்து டப்பாக்களும் உங்கள் ஹெல்மெட்டின் திறப்புக்குள் அடங்குகின்றனவா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். சேறு முழுக்க மூடிவிட்டால் காகிள்ஸைக் கழுத்துக்கு இழுத்துவிட்டு வெறும் கண்ணோடு தொடராதீர்கள். தடத்தை விட்டு ஓரமாக விலகி நில்லுங்கள், துடைத்துக்கொண்டு போங்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோர் இரு மடங்கு கவனமாக இருக்க வேண்டும். ஹெல்மெட்டைச் சரியான அளவில் வாங்கிக் கொடுத்துவிட்டு, காகிள்ஸை மட்டும் “வளர்ந்தாலும் போடட்டும்” என்று பெரியவர்கள் அளவில் எடுக்கிறார்கள். சிறிய திறப்புக்குள் பெரிய சட்டகம் நுழையாது; நுழைந்தாலும் மூக்கைக் கிள்ளும். பிள்ளை அதை வாய்விட்டுச் சொல்லாது, கழற்றிக் கையில் மாட்டிக்கொண்டு வெறும் கண்ணோடு இறங்கும். சிறுவர் அளவிலேயே வாங்குங்கள். அண்ணன் போட்ட பழையதைத் தம்பிக்குக் கொடுப்பதானால் முதலில் ஃபோமைக் கிள்ளிப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் அந்தப் பொடி கண்ணுக்குள்தான் விழும். வாரை இழுத்துப் பாருங்கள், தொய்ந்திருந்தால் ஹெல்மெட்டில் நிற்காது. வாடகைக்கு எடுக்கும் பைக் பார்க்குகளில் ஹெல்மெட்டையும் காகிள்ஸையும் தனித்தனி அடுக்கிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள். இரண்டையும் சேர்த்து மாட்டி, மேலே சொன்னபடி அழுத்தி, அசைத்து, மூச்சுவிட்டுப் பார்க்காமல் பிள்ளையை லிஃப்டில் ஏற்றாதீர்கள். பொருந்தவில்லை என்றால் வேறு கேளுங்கள், கொடுப்பார்கள். வேறு இல்லை என்றால் அன்றைக்கு இலேசான தடத்தில் மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள்.